பீதியின் தலையில் விழுந்த பழி

சென்ற கார்த்திகையில் எங்கள் ஆலயக் கமிட்டி கூடியிருந்தபோது, கிறிஸ்துமஸ் இரவு ஆராதனைக்கு வருகிறவர்களிடம், தீ விபத்து ஏதேனும் நேர்ந்தால் எந்தெந்த வாசல் வழியாக வெளியேற வேண்டும் என்பதை ஆரம்பத்திலேயே இரண்டு நிமிஷம் சொல்லிவிடலாமே என்று ஒரு யோசனையை முன்வைத்தேன். நாற்பது வருஷமாகச் சபைக் காரியங்களுக்காக உழைத்து வருகிற பெரியவர் ஒருவர், கோபமாக அல்ல, மிகுந்த வாஞ்சையோடு, "தம்பி, நெருப்புங்கிற பேச்சையே எடுக்காதீங்க. சனம் மிரண்டா நெருப்பே வேண்டாம், மிதிபட்டே செத்துப்போவாக" என்றார். கூடியிருந்த அனைவரும் ஆமோதித்துத் தலையசைத்தார்கள். காப்பி வந்தது, அடுத்த விஷயமான சீரியல் விளக்கு அலங்காரத்துக்குப் போய்விட்டோம்.

அந்தப் பெரியவர் சொன்னது அவருடைய சொந்த அபிப்பிராயம் அன்று. தீயைவிடத் திகிலே அதிகம் பேரைக் கொல்லும் என்பதும், கூட்டம் என்பது ஒரு சத்தத்தில் புத்தி கலங்கி மிருகமாகிவிடும் என்பதும், ஆகையால் ஆபத்தை ஜனங்களுக்குத் தெரியாமல் மறைத்துவைப்பதே விவேகம் என்பதும், படித்தவர் படியாதவர் என்ற பேதமின்றி நம் எல்லாரிடமும் வேரூன்றிப்போன நம்பிக்கை. இந்த நம்பிக்கை பொய் என்று மட்டும் சொல்லி நான் நிறுத்திக்கொள்ளப் போவதில்லை. இது சௌகரியமான பொய் என்றும் சொல்வேன். விபத்து நடந்த மறுநாள், கதவை அடைத்து வைத்தது யார், நடைபாதையில் பெஞ்சு போட்டது யார் என்றெல்லாம் விசாரிக்கத் தொடங்கினால் உயிரோடிருக்கிற சிலர் பதில் சொல்லியாக வேண்டும். ஜனங்கள் பதறினார்கள் என்று எழுதிவிட்டாலோ, பழி முழுவதும் பதில் சொல்ல வாயில்லாதவர்கள் மேல் இறங்கிவிடுகிறது.

தென் அமெரிக்காவிலுள்ள சிலி தேசத்தின் தலைநகரான சாந்தியாகோவில், இயேசு சபையாரின் பழைய ஆலயத்தில், 1863 டிசம்பர் 8ஆம் தேதி மாலை, மாதாவின் அமலோற்பவத் திருநாளை முன்னிட்டு ஒரு மாத காலமாக நடந்துவந்த வணக்கத்தின் இறுதி வழிபாட்டுக்காகப் பெருங்கூட்டம் கூடியிருந்தது. பீடத்தைச் சுற்றித் திரைச்சீலைகளும் பூ அலங்காரங்களும், மேலே எண்ணற்ற விளக்குகளும். பீடத்தருகே ஒரு விளக்கிலிருந்து பற்றிய சுடர் சீலைக்குத் தாவிக் கூரைக்கு ஏறிற்று. அன்று இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள், அவர்களிலும் பெரும்பாலோர் பெண்கள், அந்த ஆலயத்துக்குள்ளேயே மாண்டார்கள். அக்காலத்து வர்ணனைகளில் அந்தப் பெண்களின் கூக்குரலைப் பற்றியும், வளையம் வைத்துத் தைத்த அகன்ற பாவாடைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டதைப் பற்றியும் விஸ்தாரமாகப் படிக்கலாம். ஆனால் வாசலைப் பற்றி ஒரு வாக்கியம் போதும்: கதவுகள் உள்நோக்கித் திறப்பவை.

உள்நோக்கித் திறக்கும் கதவு கூட்டத்துக்கு என்ன செய்யும் என்பதைச் சற்று நிதானித்துப் பார்ப்பது நல்லது. ஏனெனில் இதில் பைத்தியக்காரத்தனம் எங்கே புகுந்தது என்று நான் பலமுறை தேடியும் அகப்படவில்லை. கதவண்டை நிற்பவர் அதைத் தம் பக்கம் இழுக்க வேண்டுமானால் அரை முழமாவது பின்வாங்க வேண்டும். அவருக்குப் பின்னால் நிற்பவர் கண்ணுக்குக் கதவு தெரியாது; முன்னவர் பிடரிதான் தெரியும். அவர் மிகவும் சாதுவான மனிதராகவே இருக்கலாம்; முதுகில் உஷ்ணம் தாக்கும்போது அவர் எடுத்துவைப்பது ஓர் அரை அடி. அவருக்குப் பின்னால் இருப்பவரும் அவ்வாறே ஓர் அரை அடி. இப்படி நூறு நியாயமான அரை அடிகள் சேர்ந்தால், பத்துப் பேர் பிடித்து இழுத்தாலும் அசையாதபடி கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அங்கே கிடக்கும் சவக்குவியலை மறுநாள் பார்க்கிறவர், அடடா, எவ்வளவு பதற்றம் என்கிறார்.

திகிலே இல்லாமலும் இதே காரியம் நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் சண்டர்லேண்டு நகரம் சாட்சி. 1883 ஜூன் 16ஆம் தேதி, அங்கே விக்டோரியா ஹால் என்ற மண்டபத்தில் குழந்தைகளுக்கான வேடிக்கைக் காட்சி முடிந்து, பரிசுப் பொருள்கள் கொடுக்கப் போகிறார்கள் என்று கேட்டுச் சந்தோஷத்தோடு மாடியிலிருந்து படி இறங்கி ஓடிவந்த பிள்ளைகளில் 183 பேர், படிக்கட்டின் அடியில், ஒவ்வொருவராக மட்டும் நுழையும்படி சிறிதளவே திறந்து தாழிடப்பட்டிருந்த ஒரு கதவண்டை நசுங்கி இறந்தார்கள். நெருப்பில்லை, புகையில்லை, பயமும் இல்லை. கதவு மாத்திரம் இருந்தது. அந்தத் துயரத்தின் விளைவாகத்தான், உள்ளிருந்து உடம்பால் மோதினாலே திறந்துகொள்ளும் குறுக்குச் சட்டம் அந்நாட்டில் உருவாயிற்று. நம் ஊர்க் கட்டடக்காரர்களும் இன்று அதைப் பேனிக் பார் என்றே சொல்கிறார்கள். கதவின் குற்றத்துக்குப் பரிகாரமாகப் பிறந்த கருவிக்குக்கூட ஜனங்களின் பீதியைத்தான் பெயராகச் சூட்டியிருக்கிறோம் பாருங்கள்!

ஆபத்தைச் சொல்வதா மறைப்பதா என்ற கேள்விக்கு வருவோம். 1903 டிசம்பர் 30ஆம் தேதி, தீப்பற்றவே பற்றாது என்று விளம்பரம் செய்யப்பட்டிருந்த சிகாகோவின் இரோகுவா நாடகசாலையில் தீப்பிடித்தபோது, எட்டி ஃபாய் என்ற புகழ்பெற்ற ஹாஸ்ய நடிகர் மேடையில் நின்றுகொண்டு, பதற வேண்டாம், அமைதியாக அமருங்கள் என்று சபையை வேண்டி, வாத்தியக்காரர்களையும் வாசிக்கச் சொன்னார். அவர் தைரியசாலி, தீயைத் தடுக்கும் திரை இறங்கிவிடும் என்று நம்பினார், திரையோ பாதியில் சிக்கிக்கொண்டது. இறந்தவர்கள் அறுநூற்றுக்கு மேல். இதற்கு எதிரிடையாக, 1977 மே 28ஆம் தேதி, கென்டக்கி மாகாணத்துப் பெவர்லி ஹில்ஸ் விருந்து மாளிகையில், மேஜை துடைக்கும் வேலையிலிருந்த வால்டர் பெய்லி என்ற 18 வயதுப் பையன், ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அமர்ந்திருந்த கூடத்தின் மேடையில் ஏறி, நடந்துகொண்டிருந்த ஹாஸ்ய நிகழ்ச்சியை இடைமறித்து ஒலிபெருக்கியைப் பிடித்து, வெளியேறும் வழிகள் எங்கே இருக்கின்றன என்று கையால் காட்டி, கட்டடத்தில் தீ, எழுந்து போங்கள் என்று சொன்னான். அதைக் கேட்டு யாரும் யாரையும் மிதித்துக்கொண்டு ஓடவில்லை. நூற்றுக்கணக்கானோர் எழுந்து நடந்து போனார்கள். சிலர் இதுவும் வேடிக்கையின் ஒரு பகுதி என்று எண்ணி அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அந்த இரவில் 165 பேர் மாண்டார்கள் என்பது மெய். அந்தப் பையன் வாய் திறவாதிருந்தால் தொகை எங்கே போய் நின்றிருக்கும்?

விபத்துக் காலங்களில் மனிதர் நடந்துகொள்ளும் விதத்தைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்ட குவாரண்டெல்லி என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர், உண்மையான பீதி என்பது மிக அபூர்வம் என்று 1950களிலிருந்தே எழுதி வந்தார். நான் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சில வருஷங்களுக்கு முன், டிசம்பர் 31 இரவு எங்கள் ஆலயத்திலேயே, பாட்டுக்குழுவுக்குப் பின்னாலிருக்கும் சுவிட்ச் போர்டிலிருந்து வயர் கருகும் நாற்றம் எழுந்து, மெல்லிய புகை கீதப் புத்தகங்களுக்கு மேலாக மிதந்து வந்தது. எழுநூறு பேர் இருந்திருப்போம். பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஆண்கள் ஆராதனை நடத்திய ஐயரவாள் முகத்தைப் பார்த்தார்கள். ஐயரவாள் கமிட்டியாரைப் பார்த்தார். பாட்டுக்குழுவோ, எடுத்த பாட்டை நடுவில் விடுவது அபசாரம் என்று மீதமிருந்த சரணங்களையும் பாடிமுடித்தது. ஆலய ஊழியரான கோயில்பிள்ளை ஓடிப்போய் மெயினை இறக்கினார். இருட்டாயிற்று. கரண்டு போய்விட்டது என்று செல்போன் விளக்குகளை ஏற்றிக்கொண்டு சபை தொடர்ந்து பாடியது. எழுநூறு பேரில் ஒருவர், ஒரே ஒருவர்கூட, எழுந்து வெளியே போகவில்லை. நானும் போகவில்லை.

ஆலயத்தில் அபாயம் எங்கே இருக்கிறது என்பதை அந்த இரவில்தான் உணர்ந்தேன். இவர்கள் ஓடிவிடுவார்களே என்பதல்ல கவலை. எழுந்திருக்க மாட்டார்களே என்பதுதான். ஆசீர்வாதம் கூறப்படும்வரை இருக்கையை விட்டு எழலாகாது என்று சிறுவயது முதல் பழக்கப்பட்ட ஜனம், பீடத்திலிருந்து வார்த்தை வந்தாலொழிய அசையாது. அப்படியானால் அந்த வார்த்தையைச் சொல்லும் பொறுப்பு பீடத்தில் நிற்பவருக்கே உரியது. கமிட்டியார் காதோடு காதாகக் குசுகுசுத்துக்கொண்டிருக்கும் நேரம் புகைக்கு ஆதாயம். 2019 ஏப்ரல் 15ஆம் தேதி பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தில், மாலைப் பூசை நடந்துகொண்டிருக்கையில் அபாய ஒலி எழுந்ததும் ஜனங்களை வெளியேற்றினார்கள். பார்க்கப்போன காவலாளி தவறான பரணைப் பார்த்துவிட்டு நெருப்பில்லை என்றார். இருபது நிமிஷத்துக்கு மேல் கழிந்தே, மெய்யாகவே கூரை எரிவது தெரியவந்தது. கோபுரம் சரிந்து விழுந்தது. ஜனங்களில் ஒருவர் உயிரும் போகவில்லை.

நெரிசலில் யாருமே இறப்பதில்லை என்று நான் வாதிக்கவில்லை. 2022 ஆகஸ்டு 14ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை, எகிப்தில் இம்பாபா பகுதியின் அபூ செஃபெய்ன் ஆலயத்தில் குளிர்சாதனக் கருவியின் மின்கோளாறால் தீப்பற்றி 41 பேர் இறந்தபோது, புகையோடு நெரிசலும் காரணமாயிற்று. குறுகிய தெருவில் அடுக்குமாடியாக எழும்பிய கட்டடம் அது. அவ்வளவு பேரும் படி வழியாகவே இறங்கியாக வேண்டும். நெரிசல் என்பது போதாத வழியின் மறுபெயர். நம் நாட்டிலும், 2004ஆம் வருஷம் ஜனவரியில் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்திலும் ஜூலையில் கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்திலும் ஓலைக்கூரைகள் எரிந்த பிறகும், பண்டிகை வந்தால் தலைவாசலை ஒட்டியே பந்தல் போடுகிறோம்.

பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1973ஆம் வருஷம் மான் தீவிலுள்ள சம்மர்லேண்டு என்ற உல்லாச மாளிகை எரிந்து 50 பேர் இறந்த விபத்தில், பிள்ளைகள் ஓரிடத்திலும் பெற்றோர் வேறிடத்திலும் இருந்தபடியால், தாய் தகப்பன்மார் வாசலை நோக்கிப் போகாமல் பிள்ளைகளைத் தேடிப் போனார்கள். இதைப் பீதி என்று எழுதுகிறவன் பிள்ளை பெற்றவனாக இருக்க மாட்டான். நமது ஆலயங்களில் ஞாயிறு பள்ளி பின்கட்டில் நடக்கிறது. அங்குள்ள பிள்ளைகளை ஆசிரியையே நேராக வெளியே அழைத்துக்கொண்டுபோய்க் காம்பவுண்டு வேப்பமரத்தடியில் நிறுத்துவார், வேறெங்கும் தேட வேண்டாம் என்று பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால், எதிர்த்திசையில் ஓடும் நூறு கால்கள் ஓடாமல் இருக்கும். இதற்கு ஒரு காசும் செலவில்லை. ஆராதனை முடியும்வரை கதவுகளைப் பூட்டாமல் தாழும் நீக்கி வைப்பதற்கும், நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலி போடாமலிருப்பதற்கும், நடக்க முடியாத பெரியவர்களுக்கென்று இரண்டு வாலிபரை நியமிப்பதற்கும், வருஷத்துக்கு ஒருமுறை எல்லாரும் வந்த வாசலை விட்டு மறு வாசல் வழியாகக் கலைந்து போவதற்கும் செலவில்லை. கதவுகளை வெளிநோக்கித் திறக்கும்படி மாற்றத்தான் ஆசாரிக்குக் கூலி கொடுக்க வேண்டும். அது சீரியல் விளக்குக்காரருக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகாது.

கமிட்டியில் தோற்றுப்போனாலும் மனம் கேளாமல், மறு ஞாயிறு நானே வடக்கு வாசலைப் போய்ப் பார்த்தேன். பாட்டுப் புத்தகங்கள் வைக்கும் இரும்பு பீரோ கதவின் ஒரு பாதியை மறைத்து நின்றது. பூட்டு துருவேறியிருந்தது, கோயில்பிள்ளை தேங்காயெண்ணெய் விட்டு, மூன்றாவது சாவியால் திறந்தார். வேப்பங்காற்று ஆலயத்துக்குள் குபீரென்று புகுந்தது. "கிறிஸ்துமஸ் ராத்திரி இப்படியே திறந்து போட்டுரும்" என்றேன். அவர் பீடத்தின் பக்கம் திரும்பி, வரிசையாக நட்டிருந்த மெழுகுவர்த்திகளைப் பார்த்தார். "அது எப்படி அண்ணாச்சி," என்றார், "காத்துல அவ்வளவும் அணைஞ்சுபோயிருமே."