திரையில் கட்டிய கட்டு குருதியை நிறுத்துமா?

வட அமெரிக்காவில் இயங்கும் எம்மவர்களின் சமூக அமைப்பு ஒன்று, கோடை விடுமுறையில் பதின்ம வயதுப் பிள்ளைகளை ஒன்ராறியோவின் அல்கொன்குயின் பூங்காவுக்குள் ஐந்து நாள் வள்ளப் பயணம் அழைத்துச் செல்வதாக அறிவித்துச் சுற்றுமடல் ஒன்றை அனுப்பியிருந்தது. வழிகாட்டிகள் அனைவரும் வனாந்தர முதலுதவியில் சான்றிதழ் பெற்றவர்கள் என்ற வரி அதில் தடித்த எழுத்தில் இருந்தது. எங்கே, எத்தனை நாட்கள் பயின்றார்கள் என்று எழுதிக் கேட்டேன். மறுநாளே பதில் வந்தது. இணையத்தில், ஒரே மாலையில், நான்கு மணித்தியாலங்களில். இறுதியில் சில வினாக்கள். சித்தியடைந்ததும் சான்றிதழை வீட்டிலேயே அச்சிட்டுக்கொள்ளலாம். எழுதியவர் இதனைச் சற்றுப் பெருமையோடுதான் குறிப்பிட்டிருந்தார்.

இதற்குப் பயிற்சி என்று பெயரிட முடியாது. பணம் செலுத்தியதற்கான பற்றுச்சீட்டு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இணையத்தைக் கண்டாலே முகம் சுளிக்கும் பழைய தலைமுறையின் புலம்பல் இது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இணையப் பாடத்தையும் நேரடிப் பயிற்சியையும் கலந்து நடத்தும் முறை நல்ல முறைதான் என்பதே எனது அபிப்பிராயம். எனது சண்டை, அந்தக் கலவையில் ஒரு பாதியை மட்டும் விற்றுவிட்டு முழுமையான பெயரை அதற்குச் சூட்டுவோரோடு.

வனாந்தர மருத்துவம் என்றதும் பலருக்குக் காடும் கரடியும் நினைவுக்கு வருகின்றன. அதன் வரைவிலக்கணம் இடத்தைப் பற்றியதே அன்று, நேரத்தைப் பற்றியது. முறையான வைத்திய வசதியிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட தூரத்தில் இருப்பவர் வனாந்தரத்தில் இருக்கின்றார் என்பதே இத்துறையில் வழங்கிவரும் பொது விதி. நகரத்து முதலுதவி, அம்புலன்ஸ் வரும்வரை சில நிமிடங்களைத் தாக்குப்பிடிக்கக் கற்பிக்கின்றது. இங்கோ காயக்காரரோடு ஓர் இரவு முழுவதும், சிலவேளை இரண்டு நாட்கள் இருக்க வேண்டும். காயத்தைக் கழுவவும், என்புமுறிவுக்குத் தரைப்பாயை வெட்டிச் சிம்பு கட்டவும், எப்போது வெளியே கொண்டுசெல்வது, நடத்தியா சுமந்தா என்று தீர்மானிக்கவும் வேண்டியிருக்கும்.

இதனை ஒரு பாடநெறியாக வளர்த்தெடுத்தவர்கள் அமெரிக்கர்கள். போல் பெட்சோல்ட் என்ற மலையேறி 1965 இல் வயோமிங் மாநிலத்தில் தொடங்கிய நோல்ஸ் பள்ளியும், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் கொன்வே என்ற ஊரில் 1970களில் முளைத்த சோலோ என்ற பயிற்சிக்கூடமும் இத்துறையில் முன்னோடிகள். மருத்துவர்களும் இதனைத் தனித்துறையாகக் கருதி 1983 இல் வனாந்தர மருத்துவச் சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். இன்று அடிப்படை நெறி 16 மணித்தியாலங்கள், அதாவது இரண்டு நாட்கள். பயணங்களை வழிநடத்துவோர் பயில வேண்டியது அதற்கு மேலான நெறி. வில்டர்னஸ் பெர்ஸ்ட் ரெஸ்பொண்டர் என்பார்கள். 70 முதல் 80 மணித்தியாலங்கள். வகுப்பறையிலேயே முழுவதும் நடத்தினால் ஒன்பது, பத்து நாட்கள் பிடிக்கும்.

பத்து நாள் விடுமுறை யாருக்குக் கிடைக்கும்? கலப்பு முறை பிறந்ததன் நியாயம் இதுவே. உடற்கூறு, அதிர்ச்சி நிலையில் குருதியோட்டம் எவ்வாறு தளர்கின்றது, உயரமான மலைகளில் நுரையீரலில் நீர் ஏன் கோக்கின்றது, வெப்பத்தாக்கத்தின் அறிகுறிகள் எவை என்பவற்றையெல்லாம் மாணவர் தமது வீட்டில், தமது வேகத்தில், காணொளியாகவும் வாசிப்பாகவும் சில வாரங்களில் முடிக்கின்றார். ஒவ்வோர் அலகின் முடிவிலும் வினாக்கள் உண்டு. அவற்றை முடித்த பின்னரே நேரடி வகுப்பில் கால்வைக்கலாம். அந்த நேரடி வகுப்பு பொதுவாக ஐந்து நாட்கள். 2020 இல் கொவிட் தொற்று வகுப்பறைகளை மூடியபோது இம்முறை வேகம் பெற்றது. கதவுகள் திறந்த பின்னரும் நிலைத்துவிட்டது.

அந்த ஐந்து நாட்களில் என்ன நடக்கின்றது என்பதைத்தான் எமது சுற்றுமடல்காரர்கள் அறிய வேண்டும். விரிவுரை மிகக் குறைவு. சக மாணவர்கள் ஒப்பனைக் காயங்களோடு மரத்தடியில் விழுந்து கிடப்பார்கள். மழை பெய்தாலும் பயிற்சி நிற்காது, இருட்டிலும் நடக்கும். இடம் எனக்குப் பாதுகாப்பானதா என்று பார்த்தல், மூச்சுப்பாதை, மூச்சு, குருதியோட்டம் என்ற வரிசையில் உயிராபத்தைத் தேடுதல், தலையிலிருந்து பாதம்வரை தடவிப் பரிசோதித்தல், நாடித்துடிப்பையும் மூச்சையும் எண்ணிக் குறித்தல், ஒவ்வாமை உண்டா, என்ன மருந்து எடுக்கின்றீர்கள், கடைசியாக எப்போது உண்டீர்கள் என்று வினவுதல், எல்லாவற்றையும் ஒரு தாளில் ஒழுங்காக எழுதுதல். இந்த ஒரே வரிசையைப் பத்துத் தடவை, இருபது தடவை, கை தானாகவே அடுத்ததற்கு நகரும்வரை செய்விக்கின்றார்கள். அருகில் நிற்கும் பயிற்றுநர், நீ முதுகைப் பார்க்கவில்லையே என்று சொல்வதற்காகவே சம்பளம் பெறுகின்றார். திரைக்கு அந்தக் கண் இல்லை.

இதற்குச் சான்று கேட்போருக்கு ஒன்றைச் சொல்கின்றேன். குருதிப் பெருக்கை நிறுத்தக் கையையோ காலையோ சுற்றி இறுக்கும் டூர்னிக்கே பட்டியைச் சாதாரண மக்கள் சரியாகக் கட்டுகின்றார்களா என்று பொஸ்டன் ஆய்வாளர்கள் நானூறுக்கும் அதிகமானோரைக் கொண்டு சோதித்தார்கள். முடிவு 2018 இல் ஜாமா சேர்ஜரி என்ற மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. எதுவும் கற்காதவர்களில் சுமார் 16 வீதமானோர் சரியாகக் கட்டினார்கள். படங்களோடு கூடிய செய்முறை அட்டை கையில் கொடுக்கப்பட்டவர்களில் சுமார் 20 வீதம். விளக்கம் கேட்டுக் கையாலும் செய்து பழகிய வகுப்பினரில் சுமார் 88 வீதம். அட்டை வேறு, காணொளி வேறு என்று வாதிடலாம்தான். ஆயினும் ஒன்றுமே தெரியாதவருக்கும் படம் பார்த்தவருக்கும் இடையே இருந்த நான்கு வீத வித்தியாசத்தை வைத்துக்கொண்டு, என் பிள்ளையை வள்ளத்தில் ஏற்றி அனுப்ப நான் தயாரில்லை.

ஏன் இப்படி என்று விளங்கிக்கொள்வது கடினமன்று. குருதி நிற்கும்வரை பட்டியை இறுக்கினால் கடுமையாக வலிக்கும். காயக்காரர் அலறுவார், கையைத் தட்டிவிடுவார். பழகாதவர் அந்த அலறலில் கையை எடுத்துவிடுகின்றார். செய்தியாளர்களுக்கென வெளிநாட்டு அமைப்பொன்று நடத்திய போர்முனைப் பயிற்சியில் ஒருமுறை நானும் பங்குபற்றினேன். முன்னாள் இராணுவத்தினர் இருவர் எமக்குப் பயிற்றுநர்கள். நடிகர் ஒருவரின் தொடையிலிருந்து சிவப்பு நீர் பீறிட்டது. எழுத்துத் தேர்வில் ஒரு புள்ளியும் தவறவிடாத நண்பர் ஒருவர் அங்கே அரை நிமிடம் சிலையாக நின்றார். இரண்டாவது தடவை பத்து வினாடி. நான்காவது தடவை அவர் தயங்கவே இல்லை. அந்த மூன்று தோல்விகளையும் அவர் அனுபவித்தது பயிற்சிக் கூடத்தில். அதற்காகத்தான் பயிற்சிக் கூடம்.

எம்மவர்க்கு இன்னொரு தடையும் உண்டு. அதைப்பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அந்நியர் ஒருவரின் உடலைத் தொடுவதற்கு நாம் கூசுகின்றோம். எதிர்ப்பாலார் என்றால் கேட்கவே வேண்டாம். விழுந்து கிடக்கும் பதினாறு வயதுப் பெண்பிள்ளையின் விலா என்பையும் இடுப்பையும் பரிசோதிக்க வேண்டும். என்ன செய்யப்போகின்றேன் என்று முதலில் சொல்லி, அனுமதி கேட்டு, இன்னொரு பெண்ணை அருகில் இருத்தி, மரியாதையோடும் தயக்கமின்றியும் தொடும் முறை நேரடி வகுப்பில் கற்பிக்கப்படுகின்றது. நான்கு மணித்தியாலக் காணொளியைத் தனியறையில் பார்த்த இளைஞர் அந்தக் கணத்தில் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பார்.

அல்கொன்குயின் ஏழாயிரம் சதுரக் கிலோமீற்றருக்கும் அதிகமான காடும் ஏரிகளும் கொண்ட நிலம். அதன் உட்பகுதியில் பெரும்பாலான இடங்களில் கைத்தொலைபேசி இயங்காது. அங்கே நடக்கக்கூடியவை ஒன்றும் விசித்திரமானவை அல்ல. குளிர்நீரில் வள்ளம் கவிழும். நடுங்கும் பிள்ளையின் ஈர ஆடையைக் களைந்து, தரைப்பாய்மேல் உறக்கப் பையில் இட்டு, கொழுக்கட்டைக்கு மா மூடுவதுபோல் இடைவெளியின்றி விரிப்பால் மூட வேண்டும். விறகு வெட்டும்போது கைக்கோடரி காலில் பாயும். கொதிநீர் சரியும். குளவி கொட்டி ஒவ்வாமையில் தொண்டை வீங்கும். அதற்கான எபிநெப்ரின் ஊசிப்பேனாவைத் தலைகீழாகப் பிடித்துத் தமது பெருவிரலிலேயே குத்திக்கொண்டவர்கள் பலர் என்பது மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ள உண்மை. வகுப்பில் ஊசியில்லாப் பயிற்சிப் பேனா ஒன்றைக் கையில் தந்து தொடையில் அழுத்தச் சொல்வார்கள். ஒரு நிமிட வேலை. ஆனால் பேனா கையில் இருக்க வேண்டும்.

மறுதரப்புக்கும் ஒரு வார்த்தை. பத்து நாளும் வகுப்பறையில் இருந்தாலன்றி அது பயிற்சியே அன்று என்று அடம்பிடிப்போரையும் நான் ஏற்பதற்கில்லை. அந்தப் பத்து நாட்களில் எத்தனை மணித்தியாலங்கள் யாரோ ஒருவர் சுவரில் விழும் எழுத்துக்களை அப்படியே வாசித்துக் காட்டுவதில் கழிந்தன என்பதை அவ்வாறான வகுப்புகளில் இருந்தவர்கள் அறிவர். மதிய உணவுக்குப் பின் முக்கால்வாசிப்பேர் தூங்குவார்கள். அந்த விரிவுரையை வீட்டில் இரண்டு தடவை நிறுத்தி நிறுத்திக் கேட்பது மேல். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ள எம்மவர்களுக்கு அது மிகப்பெரிய வசதி.

என்னை அச்சுறுத்துவது வேறொன்று. பத்து ஐந்தாயிற்று. ஐந்து மூன்றாகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? பயிற்றுநரின் சம்பளமும் மண்டப வாடகையும் நேரடி நாட்களில்தான் செலவாகின்றன. காணொளியை ஒருமுறை எடுத்துவிட்டால் ஆயிரம் பேருக்கு விற்கலாம். வியாபாரக் கணக்கு எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் இந்தச் சான்றிதழ்களை ஒழுங்குபடுத்தும் அரச சபை எதுவும் இல்லை. முக்கிய நிறுவனங்கள் தமக்குள் உடன்பட்டு வகுத்துக்கொண்ட நியமங்களே உள்ளன. அந்த உடன்பாட்டுக்கு வெளியே நின்று யாரும் எந்தப் பெயரிலும் ஒரு தாளை அச்சிட்டுத் தரலாம். ஆகவே நேரடிப் பயிற்சி எத்தனை மணித்தியாலம், செய்முறைத் தேர்வை யார் பார்த்து மதிப்பிட்டார் என்ற இரண்டையும் சான்றிதழின் முகப்பிலேயே அச்சிட வேண்டும் என்பது எனது கோரிக்கை. மருந்துப் போத்தலில் உள்ளடக்கத்தை எழுதுவது போன்றதுதான் இதுவும்.

காணொளிக்கு ஊர் கிடையாது என்பதும் ஒரு சிக்கல். பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் கடிபட்ட அவயவம் முழுவதையும் அழுத்தக் கட்டால் சுற்றுவது விதியாகக் கற்பிக்கப்படுகின்றது. வட அமெரிக்காவின் கிலுகிலுப்பைப் பாம்பு கடித்தால் அதே கட்டு பரிந்துரைக்கப்படுவதில்லை. மேலே நான் புகழ்ந்த டூர்னிக்கே பட்டியைப் பாம்புக்கடிக்குக் கட்டுவதும் தவறு. இலங்கையிலோ பயன்பாட்டில் உள்ள விஷமுறி மருந்து இந்தியப் பாம்புகளின் நஞ்சிலிருந்து தயாராவது. எமது நாட்டில் அதிகம் கடிக்கும் கோப்பி விரியனுக்கு அது வேலை செய்யாது. உலக சுகாதார நிறுவனம் 2017 இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. புறக்கணிப்பு ஒருபுறமிருக்க, யூரியூப்பில் தமிழில் கிடைக்கும் வைத்தியமோ கீறு, உறிஞ்சு, இறுக்கிக் கட்டு என்று இன்றும் ஓதிக்கொண்டிருக்கின்றது. உள்ளூர்ப் பயிற்றுநர் ஒருவர் எதிரே நின்றால், இந்த மண்ணில் இதைச் செய்யாதே என்று ஒரே வாக்கியத்தில் திருத்திவிடுவார்.

ஒரு மணித்தியாலம் என்ற அந்த வரைவிலக்கணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எமது ஊர்ப்பக்கம் பார்த்தால், நெடுந்தீவில் கடலைக் கடந்து பெரியாஸ்பத்திரிக்கு வரவேண்டிய நோயாளியும் வனாந்தரத்தில்தான் இருக்கின்றார். இந்தக் கலப்பு நெறி மலையேறும் வெள்ளைக்காரர்களுக்கான பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் அதையும் யோசிக்கட்டும். பாடப்பகுதியைத் தமிழில் ஒலியாகவும் ஒளியாகவும் ஆக்கிவைக்க எமது புலம்பெயர் மருத்துவர்களால் முடியும். பயிற்றுநர் படகேறி வந்து மூன்று நான்கு நாட்கள் தங்கினால் மிகுதி நிறைவேறும்.

முன்னர் சொன்ன ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கின்றது. நேரடி வகுப்பை ஆதரிக்கும் எனக்கே அது உவப்பானதன்று. கையால் பழகியவர்களை மூன்று முதல் ஒன்பது மாதங்களின் பின் மீண்டும் சோதித்தபோது சரியாகக் கட்டியவர்கள் சுமார் 54 வீதம்தான். கை கற்றதையும் கை மறக்கின்றது. நல்ல நிறுவனங்கள் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்கச் சொல்வதும், அப்புதுப்பித்தலிலும் நேரடிச் செய்முறையைக் கேட்பதும் இதனால்தான். என்னைக் கேட்டால் அதுவும் போதாது; ஒவ்வொரு பயணத்துக்கும் முதல்நாள் மாலை கூடாரத்தடியில் ஒரு மணித்தியாலம் ஒத்திகை பார்க்க வேண்டும். அதற்குக் காசு தேவையில்லை.

சுற்றுமடல் அனுப்பிய அமைப்பினருக்கு இவற்றையெல்லாம் சுருக்கி எழுதினேன். பிள்ளைகளின் பெற்றோர் இப்படியான கேள்விகள் எதையும் கேட்கவில்லையே என்று பதில் வந்திருக்கின்றது. பெற்றோர்களே, உங்களிடம் தொலைபேசி இலக்கம் இருக்கின்றது. உங்கள் பிள்ளையின் வள்ளத்தில் ஏறும் வழிகாட்டி கடைசியாக எப்போது, யாருடைய கையில், யார் பார்த்திருக்க ஒரு கட்டுக் கட்டினார் என்று இன்றே கேளுங்கள்.