சோலை நிழலில் வளரும் செடிகள்

நிலத்திற்கு ஏற்ற பயிரைத் தேர்ந்தெடுப்பது உழவர் வழக்கம். வயலுக்குப் பொருந்தும் இவ்வுண்மை பூந்தோட்டத்திற்கும் பொருந்தும். ஆயினும், நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தோட்டம் அமைப்போருள் பலர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. மரத்தடியிலும் சுவரோரத்திலும் வெயில் படாத ஈரநிலம் இருப்பின், வெயிலை விரும்பும் அயல்நாட்டுப் பூஞ்செடிகளை அங்கு நடுகின்றனர். அவை வெளிறி நலிவதைக் கண்டு நிலத்தைப் பழிக்கின்றனர். குற்றம் நிலத்தினுடையது அன்று. அத்தகைய இடத்திற்கு உரிய செடிகள் அம்மலைகளிலேயே உள்ளன.

உயர்ந்த மலைகளின் மடிப்புகளில், ஓடைகளின் இருமருங்கிலும், என்றும் பசுமை மாறாத மரங்கள் செறிந்து நிற்கும். இக்காடுகளைச் சோலைகள் என்பர். அங்கே கிளைகளில் பாசி படர்ந்திருக்கும். உதிர்ந்த இலைகள் மக்கி, மண் கருமையும் மென்மையும் பெற்றிருக்கும். அம்மண் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி, பின்னர் ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக வழங்கும். அந்நிழலில் வளரும் புதர்ச்செடிகளுள் குறிஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்தவை பல.

குறிஞ்சி என்றவுடன் நீலக்குறிஞ்சியே நம் நினைவிற்கு வரும். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலர்வதாகிய அது, 2006ஆம் ஆண்டிலும் 2018ஆம் ஆண்டிலும் மலைச்சரிவுகளை நீலமாக்கியது. ஆனால், அது திறந்த புல்வெளியில் வெயிலும் காற்றும் ஏற்று வளர்வது. அதன் உறவுச்செடிகள் சிலவோ சோலை நிழலை விரும்புவன. இனம் ஒன்றாயினும் இயல்பு வேறு. இவ்வேறுபாட்டை அறிந்து நடுதலே தோட்டக்கலையின் முதற்பாடம்.

இச்செடிகளை வளர்ப்பது அரிதன்று. மண்ணில் இலைமக்கை மிகுதியாகக் கலத்தல் வேண்டும். வேரடியை உதிர்ந்த இலைகளால் மூடினால் ஈரம் காக்கப்படும். ஈரம் இருக்கலாம், நீர் தேங்கலாகாது. தண்டுகளை வெட்டி நட்டும், விதைகளைத் தூவியும் இவற்றைப் பெருக்கலாம். முற்றிய காய் வெடித்து விதைகளைத் தெறிக்கும். ஆதலின் காலமறிந்து விதை சேர்த்தல் நன்று.

“பல்லாண்டுக்கு ஒருமுறை பூக்கும் செடியால் தோட்டத்திற்கு என்ன அழகு?” எனச் சிலர் வினவுவர். குறிஞ்சிக் குடும்பத்தில் ஆண்டுதோறும் பூப்பனவும் உள. நெடுநாள் காத்திருந்து பூப்பவையும் அதுவரை பசிய இலைகளால் நிலத்தைப் போர்த்து, மழையில் மண் அரிக்கப்படாமல் காக்கின்றன. பூத்த காலத்தில் தேனீக்களுக்கு விருந்தளித்து, விதை ஈந்து மடிகின்றன. அழகு மலரில் மட்டுமே உள்ளது எனக் கொள்வது குறுகிய நோக்கமன்றோ?

அயல்நாட்டுச் செடிகள் அனைத்தும் தீயவை அல்ல. உருளைக்கிழங்கு மலைநாட்டிற்கு வாழ்வு தந்த அயற்பயிரே. ஆனால், அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகிற்காகக் கொணரப்பட்ட உண்ணிச்செடி, தோட்ட வேலியைக் கடந்து காடுகளில் புகுந்து, மண்ணிற்குரிய செடிகளை நெருக்கி அழிக்கின்றது. வீட்டுத் தோட்டத்தில் செய்யும் தேர்வு வேலிக்குள் அடங்கி நிற்பதில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று.

எனினும், ஆர்வமிகுதியால் காட்டிலுள்ள செடிகளைப் பெயர்த்துவருதல் தகாது. நாற்றங்காலில் வளர்த்த செடிகளையே பெற்று நடுதல் வேண்டும். சோலைகள் சுருங்கிவரும் இந்நாளில், மலைநாட்டு இல்லந்தோறும் பள்ளிதோறும் ஒரு நிழல்மூலை இச்செடிகளுக்கு ஒதுக்கப்படுமாயின், மலையின் பழஞ்செல்வம் சிறிதளவேனும் காக்கப்படும்.