முழங்கால் மோட்சம்

ரோமாபுரிக்கு யாத்திரை போகும் கத்தோலிக்கர்களில் பலர் லாத்தரன் கோயிலுக்கு எதிரிலுள்ள "பரிசுத்த படிக்கட்டு" என்பதை நாடிச் செல்லுகின்றார்கள். மொத்தம் 28 சலவைக்கல் படிகள். ஏசு பிலாத்துவின் அரண்மனையில் ஏறிய படிகள் இவையென்றும், ஹெலேனா ராணி 4-ம் நூற்றாண்டில் ஜெருசலேமிலிருந்து கொண்டுவந்தாள் என்றும் சொல்லப்படுகின்றது. இதற்கு அக்காலத்து ஆதாரம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் இதில் முழங்காலால்தான் ஏற வேண்டுமாம். ஏறினால் பாவத்திற்குரிய தண்டனை தள்ளுபடியாம்!

முழங்கால்கள் பட்டுப் பட்டுக் கல்லே தேய்ந்து போனதால் 1723-ல் மரப்பலகை போட்டு மூடினார்கள். 2019-ல் பலகையை எடுத்தபோது கல்லில் பள்ளங்கள் தெரிந்தன. கல்லின் தேய்மானத்துக்குக் கவலைப்பட்டவர்கள் மனிதனுடைய முழங்காலின் தேய்மானத்துக்குக் கவலைப்பட்டார்களா என்று கேட்கின்றோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இருபுறத்திலும் வேறு படிக்கட்டுகள் இருக்கின்றன. அவற்றில் நிமிர்ந்து நடந்தே ஏறலாம். போய்ச் சேரும் இடமோ மேலேயுள்ள அதே கோயில்தான்!

போகிறவர்களைப் போகவேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பழைய கட்டடத்தையும் சித்திரத்தையும் பார்ப்பது அறிவுக்கு நல்லதே. ஆனால், மனிதன் நிமிர்ந்து நடக்கக் கற்றுக்கொள்ள எத்தனையோ லட்சம் வருஷங்களாயின. அதை 28 படிகளில் விட்டுக் கொடுப்பானேன்? நடந்தே ஏறுங்கள் என்பதுதான் நாம் சொல்லுவது.