ஏர் பிடித்த கைக்கு எழுதுகோல் எப்போது?

உழவனைக் கேளாமல் உழவுக்குச் சட்டம் வகுப்பது, நாடி பாராமல் மருந்து ஊட்டுவதை ஒக்கும். மேலை ஆப்பிரிக்க உழவர்கள் இதனை நன்குணர்ந்தனர். 2000ஆம் ஆண்டில் பெனின் நாட்டுக் கோத்தொனு நகரில் கூடிப் பன்னாட்டு உழவர் அமைப்புகளை ஒருங்கிணைத்து 'உரோப்பா' என்னும் கூட்டமைப்பைக் கண்டனர்.

1975இல் அரசுகள் அமைத்த மேலை ஆப்பிரிக்கப் பொருளியற் குமுகம், 2005இல் அக்கராவில் வட்டார வேளாண் கொள்கையை ஏற்றது. உணவுத் தன்னுரிமை என்னும் கருத்து அதனுள் இடம்பெற, இவ்வுழவர்கள் இடையறாது உழைத்தனர். மாலி நாட்டின் 2006ஆம் ஆண்டு வேளாண் சட்டத்துக்கு மக்கள் கருத்தைத் திரட்டும் பணியை முன்னின்று ஆற்றியதும் உழவர் அமைப்பே. கேட்டால் சொல்லத் தெரியாதவனல்லன் உழவன், கேட்பார்தாம் இலர்!

ஆனால், கருத்துரைக்கும் இருக்கை வேறு. முடிவு செய்யும் இருக்கை வேறு. 2015இல் நடைமுறைக்கு வந்த பொதுச் சுங்கத் தீர்வையைப் பாருங்கள். உழவர்தம் அழுத்தத்தால் 35 விழுக்காடு என ஐந்தாம் படியொன்று சேர்க்கப்பட்டது. கோழியிறைச்சி அதன்கீழ் வந்தது. அரிசிக்கோ 10 விழுக்காடு; மொத்தமாய் வந்திறங்கும் பால்மாவுக்கோ வெறும் 5! பயிர்க்கொழுப்புக் கலந்து ஐரோப்பாவினின்று வரும் மலிவுப் பால்மா, ஆனிரை மேய்ப்போரின் கறவைப்பாலை அங்காடியினின்று துரத்துகின்றது. 'எம் பால் எம் மண்ணின் பால்' என 2018இல் அவர்கள் இயக்கம் எழுப்ப நேர்ந்தது இதனாலன்றோ?

மலிவுப் பண்டம் நகரத்து ஏழைக்கு நன்று என்பர். 2008இல் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியபோது தக்காரிலும் அபிசானிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனரே, அன்று அம்மலிவு எங்கே ஒளிந்தது? அயலான் கலத்தை நம்பியிருப்போன், அவன் கவிழ்க்கும்போது பட்டினியே கிடப்பான்.

பொருட்செலவிலும் இதே நிலைதான். வரவு செலவுத் திட்டத்தில் பத்திலொரு பங்கு வேளாண்மைக்கென ஆப்பிரிக்க அரசுகள் 2003இல் மபுத்தோவில் உறுதி கூறின. 2014இல் மலாபோவில் மீண்டும் கூறின. மீண்டும் கூற நேர்ந்ததே முன்னையது நிறைவேறாமைக்குச் சான்று.

மொழியோ இன்னும் கொடிய தடை. அக்குமுகத்தின் ஆட்சிமொழிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, போர்த்துக்கீசியம் என்னும் மூன்றே. பம்பாராவும் ஔசாவும் பேசி உழுபவன், தன் நிலத்தின் தலையெழுத்தை ஆண்டான் மொழியில் பிறர் படித்துச் சொல்லக் கேட்கின்றான். புரியாத ஓலையில் கைந்நாட்டு வாங்குவது கலந்தாய்வாகுமா?

2025 சனவரியில் மாலி, பர்க்கினா பாசோ, நைசர் ஆகிய மூன்றும் குமுகத்தினின்று வெளியேறின. அரசுகள் பிரியலாம், ஆனிரை செல்லும் மேய்ச்சல் வழியும் தவசம் செல்லும் வணிக வழியும் எல்லைக்கோட்டை அறியா. எனவே எல்லை கடந்த உழவர் கூட்டமைப்பின் தேவை முன்னினும் மிகுந்துள்ளது.

வேண்டுவன மூன்று: வாக்குரிமையுள்ள இருக்கை, அயலார் கொடையை நம்பாத சொந்த நிதி, உழவன் மொழியிலேயே ஆவணம். இம்மூன்றும் இரந்து பெறுவன அல்ல. இணைந்து நின்று பெறுவன. விதைத்தவன் வரப்பில் நிற்க, வேற்றான் களத்தில் அளக்கும் முறை ஒழிக!