வௌவால் என்ன பாவம் செய்தது?

வௌவால் என்றாலே கேரளத்தில் ஒரு நடுக்கம். 2018-ம் ஆண்டு கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் 17 உயிர்களைக் கொண்டுபோன நிபா காய்ச்சலுக்குப் பிறகு, வௌவால் கடித்த பழத்தைக் குழந்தைகள் தொடவும் பெற்றோர் விடுவதில்லை. எச்சரிக்கை சரியே. ஆனால் நம்மிடமிருந்து வௌவாலுக்குப் போவதைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

ஆஸ்திரேலியாவில் பழந்தின்னி வௌவால்களின் எச்சத்தைச் சோதித்த விஞ்ஞானிகள், அவற்றின் குடலில் வாழும் ஈ.கோலி கிருமிகளில் சில ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அடங்காதவை என்று கண்டனர். மனிதரிடம் நோய் உண்டாக்கும் வகைகளும் அவற்றில் இருந்தன. வௌவால் எந்த மருந்துக் கடையிலும் போய் நின்றதில்லை. நாம் விழுங்கிய மருந்தின் மிச்சமும், அதற்குத் தப்பிய கிருமியும் சாக்கடை வழியாக நீர்நிலைக்குப் போகின்றன. பழந்தின்னி வௌவால் பறந்தபடியே வயிற்றை நீரில் நனைத்து, பிறகு ரோமத்தை நக்கித் தாகம் தீர்க்கும். தம்பானூர் ரயில் நிலையத்திற்கு அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மருந்துக்கு அடங்காத குணத்தை ஒரு கிருமி தன் இனத்திற்கு மட்டுமல்ல, வேற்றினக் கிருமிக்கும் கைமாற்றிக் கொடுக்க வல்லது. கொடிய நோய் உண்டாக்கும் கிருமியிடம் அது போய்ச் சேருமானால், டாக்டர் கையில் மருந்து இராது. 2019-ல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இப்படி மருந்துக்கு அடங்காத கிருமிகளால் மாண்டார்கள் என்பது நிபுணர்களின் கணக்கு. பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங், குறைந்த அளவில் மருந்து சாப்பிடுவது கிருமிக்குப் பயிற்சி கொடுப்பதாகும் என்று 1945-லேயே நோபல் உரையில் எச்சரித்தார்.

ஆரியசாலையிலும் சாலைக் கடைவீதியிலும் நம்மவர்கள் செய்வது அதுவேதான். காய்ச்சல் வந்தால் இரண்டு மாத்திரை; மறுநாள் உடம்பு லேசானால் மூட்டை தூக்கப் போய்விடுவது. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் கேட்காது என்பதும் பலருக்குத் தெரியாது. சீட்டில்லாமல் இம்மருந்துகளை விற்பதைத் தடுக்க 2024 ஜனவரியில் கேரள அரசு 'ஆபரேஷன் அம்ருத்' என்ற பெயரில் கடைகளைத் திடீர்ச் சோதனை செய்யத் தொடங்கியது. வரவேற்கத்தக்க நடவடிக்கை. கடைக்காரர் மறுத்தால் அவரோடு சண்டைக்குப் போகிறவர்களும், நாகர்கோவில் போகிறவரிடம் சொல்லி அட்டை வாங்கி வரச் சொல்கிறவர்களும் நம்மிடையே உண்டு. இதை விட வேண்டும். டாக்டர் ஐந்து நாள் என்று எழுதினால் ஐந்து நாளும் சாப்பிட வேண்டும். மிச்சத்தைச் சாக்கடையில் போடக் கூடாது.

ஆனால் தொழிலாளியை மட்டும் கடிந்து பயனில்லை. காலையில் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போயிற்று. வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? இரண்டு மாத்திரையோடு சமாளிக்கப் பார்ப்பது அலட்சியத்தால் மட்டுமல்ல. மருந்து உறையில் எழுதும் எச்சரிக்கை தமிழிலும் இருக்கட்டும். வீணான மாத்திரைகளைத் திரும்பப் பெறும் திட்டம் 2025-ல் கோழிக்கோட்டில் தொடங்கியது. அத்தகைய பெட்டி சாலைக் கடைவீதியிலும் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, சுமை இறக்கி முடித்து இரவு எட்டு மணிக்கு வருகிறவனைப் பார்க்க இப்பகுதியில் அரசு டாக்டர் ஒருவர் இருக்க வேண்டும். சுகாதாரத் துறை இதற்கு ஏற்பாடு செய்யுமா?