ஊர் எண்ணும் உயிரோடு இருக்கட்டும்

வானம் பார்த்த அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர், இறங்கியதும் அந்த நாட்டு சிம் வாங்கிக்கொள்வதே சிக்கனம். பிறகு ஊர் எண்ணுக்கு எதற்கு வீண் செலவு என்று கேட்கலாம். வீணல்ல. வங்கிக் கணக்குக்கான ஓடிபி பெரும்பாலும் அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. எண் செத்தால், பாடுபட்டுச் சேர்த்த பணத்தை எடுக்கவே திண்டாட வேண்டும். டேட்டா இல்லாமல் அழைப்பு, குறுஞ்செய்திக்கு மட்டுமான ரீசார்ஜை 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கட்டாயமாக்கியது நல்ல தொடக்கம். ஆனால் குறுஞ்செய்திக்காகவே எண்ணை வைத்திருப்பவருக்கு அந்த விலையும் பாரம்தான். ஊரோடு பேச வாட்ஸ்அப் போதாதா என்றால், ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்கே தடை. வெளிநாட்டிலிருந்து ஊர் எண்ணிலேயே பேசலாம் என்றால், ரோமிங் கட்டணம் குறுக்கே நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் தன் நாடுகளுக்கிடையே ரோமிங் கூடுதல் கட்டணத்தை 2017 ஜூனில் ஒழித்தது. நம் அரசும் வளைகுடா நாடுகளோடு அப்படியொரு உடன்பாட்டைப் பேசி முடிக்க வேண்டும்.