பழைய காருக்கு எந்த எண்ணெய்? விலையைப் பார்க்காதீர்கள், புத்தகத்தைப் பாருங்கள்!

"விலை கூடினால் சரக்கும் உயர்ந்தது" என்று நம்புகிறவர்கள் பலர். பழைய காரின் கியர் பெட்டியில் இந்த நம்பிக்கை பலிக்காது. காரையே கெடுத்துவிடும்!

வடசென்னைக்கும் மோட்டார் தொழிலுக்கும் பழைய உறவு உண்டு. 1948-ம் ஆண்டு தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் கம்பெனி, எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டி விற்றது. 1955-ம் ஆண்டு அதுவே அசோக் லேலண்ட் ஆயிற்று. சென்னையின் மறுகோடியில், வண்டலூர் பக்கம், ஸ்டாண்டர்டு கம்பெனி 'வான்கார்டு' காரைப் பூட்டியது.

ஓவர்டிரைவ் என்றால் என்ன?

இங்கிலாந்தில் வான்கார்டு வாங்கியவர்கள், கூடுதல் பணம் கொடுத்து 'ஓவர்டிரைவ்' என்ற கருவியையும் பொருத்திக்கொள்ள முடிந்தது. ஷெபீல்டு நகரின் லேகாக் கம்பெனி செய்தது அது. அதைப் போட்டால் எஞ்சின் குறைவாகச் சுழலும். வண்டியின் வேகம் குறையாது. பெட்ரோல் மிச்சம்!

அதற்குள் கூம்பு வடிவமான கிளட்ச் ஒன்று உண்டு. எண்ணெயின் அழுத்தமே அதை அழுத்திப் பிடிக்க வைக்கிறது. எண்ணெயில் வழுக்கும் மருந்து கலந்திருந்தால் பிடி நழுவும்.

பல்சக்கரத்துக்கு வழுக்க வேண்டும். கிளட்சுக்குப் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே எண்ணெய்! சிக்கல் இங்கேதான்.

எண்ணைப் பார்த்து ஏமாறலாமா?

கியர் எண்ணெய் டப்பாவில் ஜி.எல்.-4, ஜி.எல்.-5 என்று அச்சிட்டிருக்கும். நாலைவிட ஐந்து பெரிது என்று வாங்கிவிடுகிறார்கள். ஐந்து, பின் அச்சிலுள்ள பல்சக்கரங்களின் கடும் அழுத்தத்துக்காக வந்தது. அதில் கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்த மருந்து அதிகம். கியர் பெட்டியின் வெண்கல, பித்தளைப் பாகங்களை அது நாளடைவில் அரித்துவிடக்கூடும். தேய்ந்த பாகத்துக்கு மாற்று எங்கே கிடைக்கும்? வான்கார்டைப் பூட்டிய கம்பெனியே இன்று இல்லை!

அப்படியானால் எல்லாக் காருக்கும் நாலுதானா? அதுவும் இல்லை. எம்.ஜி.பி. காரின் கியர் பெட்டிக்கு எஞ்சின் எண்ணெயே போதும். ட்ரையம்ப் டி.ஆர்.6 காருக்கோ தடித்த கியர் எண்ணெய். இரண்டிலும் இருப்பது லேகாக் ஓவர்டிரைவ்தான்!

செய்ய வேண்டியது

காருடன் வந்த கையேடு சொல்வதே சட்டம். அது ஆங்கிலத்தில் இருந்தால், படிக்கிற மகனையோ மகளையோ வாசிக்கச் சொல்லலாம். எண்ணெயின் வகையைத் தமிழில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுக்கலாம். சொல்லாமல் விட்டுவிட்டு, பிறகு அவரைக் குறை கூறுவது நியாயம் அல்ல.

எண்ணெய்க்கு இங்கே பஞ்சமில்லை. திருவொற்றியூருக்குப் பக்கத்தில் மணலியில், 1969-ம் ஆண்டு முதல் சுத்திகரிப்பு ஆலையே ஓடுகிறது. பஞ்சமெல்லாம், ஊற்றுவதற்கு முன் ஒரு பக்கம் படிக்கும் பொறுமைக்குத்தான்!